அமெரிக்கத் தேர்தலும் நம்மூர் அபிஷேகமும்

2024ம் வருஷம் நவம்பர் மாதம் 5ந் தேதி அமெரிக்காவில் பிரசிடெண்டு தேர்தல் நடந்தது. ஓட்டுப்பெட்டி இருந்தது அங்கே. அபிஷேகம் நடந்தது இங்கே. திருவாரூர் ஜில்லா மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம் என்னும் கிராமத்தில், தர்மசாஸ்தா கோவிலில், கமலா ஹாரிஸ் அம்மையார் ஜெயிக்க வேண்டுமென்று விசேஷ பூஜை செய்தார்கள். அந்த அம்மையாரின் தாயைப் பெற்ற பி.வி. கோபாலன் என்பவர் அந்த ஊரில் பிறந்தவராம். அதே சமயத்தில் ஆந்திர நாட்டில் மேற்கு கோதாவரி ஜில்லா வட்லூரு என்னும் கிராமத்திலும் கோவிலில் பிரார்த்தனை நடந்தது. ஆனால் அது எதிர்க் கட்சிக்காக. ட்ரம்ப் அவர்களோடு உப பிரசிடெண்டு ஸ்தானத்துக்கு நின்ற ஜே.டி. வான்ஸ் என்பவரின் மனைவியார் உஷா அம்மையாரின் முன்னோர்கள் வட்லூருக்காரர்களாம்.

இரண்டு ஊராரும் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டு ஊர்க் குருக்களும் சொல்லுகிற மந்திரமும் ஒரே பாஷை மந்திரந்தான். ஒரே கோர்ட்டில் வாதியும் பிரதிவாதியும் ஒரே வக்கீலை வைத்துக்கொண்டு, இருவரும் பீஸ் கட்டினால் அந்த வக்கீல் யாருக்காகப் பேசுவான்? பீஸுக்காகத்தான் பேசுவான். இதிலும் அப்படியே. யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும், தேங்காய் மூடியும் தட்டில் விழுந்த காசும் வந்த வழியே திரும்பிப் போனதாக நமக்குத் தகவல் இல்லை.

2020ம் வருஷத்திலும் இதே துளசேந்திரபுரத்தில் இதே கோவிலில் பூஜை நடந்தது. அந்தத் தடவை ஹாரிஸ் அம்மையார் உப பிரசிடெண்டாக வந்துவிட்டார். உடனே வீட்டு வாசலிலெல்லாம் கோலம், தெருவெல்லாம் வெடி, எல்லாம் சாஸ்தாவின் கிருபை! 2024ல் 312 ஓட்டு ட்ரம்புக்கும் 226 ஓட்டு அம்மையாருக்குமாக முடிந்தது. இப்போது கிருபை எங்கே போயிற்று என்று கேட்டால், "நம்ம கையில் என்ன இருக்கிறது" என்கிறார்கள். வரவு மட்டும் எழுதி, செலவே எழுதாத கணக்குப் பிள்ளையை எந்தக் கடைக்காரனாவது ஒரு நாள் வைத்திருப்பானா? சாமியின் கணக்கை மாத்திரம் ஆயிரக்கணக்கான வருஷமாக இப்படித்தான் எழுதி வருகிறோம்.

பட்டணத்தார் ஏதோ கிராமத்து ஜனங்கள் தெரியாமல் செய்வதாக நினைத்துச் சிரிக்க வேண்டாம். 2016ம் வருஷம் மே மாதத்தில் டில்லி தலைநகரத்தில் ஜந்தர் மந்தரில் ஒரு ஹிந்துக் கூட்டத்தார் ட்ரம்ப் ஜெயிக்க வேண்டுமென்று அவர் படத்தை வைத்து ஹோமம் வளர்த்தார்கள். 2020லும் வளர்த்தார்கள்; அந்தத் தடவை அவர் தோற்றார். 2024 ஜூலை 13ந் தேதி பென்ஸில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்னும் ஊரில் ட்ரம்ப் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். குண்டு காதை உரசிக்கொண்டு போயிற்று. உடனே கல்கத்தாவிலிருந்து ஒரு கிருஷ்ண பக்தர், 1976ல் நியூயார்க்கில் ஜகந்நாதர் தேர் கட்டுவதற்கு ட்ரம்ப் இடம் கொடுத்து உதவினார், அந்தப் புண்ணியத்தை 48 வருஷம் கழித்து ஜகந்நாதர் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னார். ட்ரம்போ 2025 ஜனவரி 20ந் தேதி பதவி ஏற்கும்போது, தன்னைக் காப்பாற்றியது கடவுள் என்றார். அவர் சொன்னது கிறிஸ்துவக் கடவுளை. எந்தக் கடவுள் காப்பாற்றினார் என்ற தகராறு அவர்களுக்குள் இருக்கட்டும். அதே கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் அதே துப்பாக்கிக் குண்டுக்குச் செத்துப் போனார். பெண்டு பிள்ளைகள் உள்ளவர். காதைத் தப்பவைத்த கை அவரை ஏன் தப்பவைக்கவில்லை? இதற்கு ஜகந்நாதர் பக்தரும் பதில் சொல்லவில்லை, பாதிரிகளும் பதில் சொல்லவில்லை.

நிற்க, அமெரிக்காவின் யோக்கியதையும் இந்த விஷயத்தில் நம்முடையதற்கு ரொம்ப மேலானது என்று சொல்லிவிட முடியாது. எந்த உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை வைக்கக் கூடாது என்று அவர்கள் அரசியல் சட்டத்தின் 6வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஒருவராவது அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததுண்டா? இங்கர்சாலை நமது தோழர்களுக்குத் தெரியும். யுத்தத்தில் கர்னலாக இருந்தவர். 1867ல் இல்லினாய் மாகாணத்தின் அட்டர்னி ஜெனரலானவர். 1876ல் சின்சினாட்டியில் கூடிய குடியரசுக் கட்சி மகாநாட்டில் பிளெயின் என்பவரை அபேட்சகராகப் பிரேரேபித்து அவர் செய்த பிரசங்கத்தை இன்றைக்கும் புகழுகிறார்கள். அவருடைய வாக்கு கட்சிக்கு வேண்டியிருந்தது. அவருடைய அறிவு பெரும் பதவிக்கு வேண்டியதாக இல்லை. மேளக்காரனை வாசலோடு நிறுத்திவிட்டுக் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிற நம்மூர் வழக்கத்துக்கு இது தம்பிதான். 1958ல் அங்கே எடுத்த ஒரு கணக்கில், தகுதியுள்ள நாஸ்திகன் நின்றால் ஓட்டுப் போடுவோம் என்றவர்கள் 100க்கு 18 பேர். 2020ல் 60 பேர். நாள் ஆனாலும் ஏறியிருக்கிறது என்ற மட்டில் நமக்குச் சந்தோஷமே.

இனி, சொந்தம் கொண்டாடுகிற பைத்தியத்தைப் பார்ப்போம். இது நமக்கு மாத்திரம் உள்ள வியாதி அல்ல. 2008ல் ஒபாமா ஜெயித்தவுடன் அவர் தகப்பனார் தேசமாகிய கென்யாவில் நவம்பர் 6ந் தேதி சர்க்காரே லீவு விட்டது. அயர்லாந்தில் மணிகால் என்னும் சிற்றூரார், ஒபாமாவின் தாய்வழி முன்னோரில் ஒருவன் தங்களூரான் என்று சொல்லி, பெருவழியில் ஒரு சாப்பாட்டு விடுதிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் கால்ஸ்டாட் என்னும் ஊரிலிருந்து போனவர் ட்ரம்பின் பாட்டனார். அவர் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து சொந்த ஊரில் குடியிருக்கப் பார்த்தபோது, பட்டாளத்தில் வேலை செய்யாமல் ஓடிப்போனவர் என்று சொல்லி 1905ல் பவேரிய சர்க்கார் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டது. குடிவந்தவர்களை விரட்டுவதே தமது கொள்கையென்று பேரன் பேசி ஓட்டு வாங்கியதைப் பார்க்கும்போது, பாட்டனார் கதை ஞாபகத்துக்கு வராமலிருக்க முடியுமா?

துளசேந்திரபுரம் விஷயத்தில் நாம் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு. கமலாவின் தாயார் சியாமளா அம்மையார் 1958ல், 19 வயதில், தன்னந்தனியாகக் கடல் கடந்து கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் படிக்கப் போனார். 1963ல் ஜமெய்க்கா தேசத்துக் கறுப்பரான டொனால்டு ஹாரிஸ் என்பவரைத் தாமே தேர்ந்து மணந்தார். 1964ல் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் காலம் கழித்தார். ஜாதியை மீறினார், மதத்தை மீறினார், சமுத்திரம் தாண்டக் கூடாதென்ற சாஸ்திரத்தையும் மீறினார். சாமி கும்பிட்டா அந்தக் காரியங்களைச் சாதித்தார்? படித்தும் துணிந்தும் சாதித்தார். அந்தத் துணிச்சலில் பிறந்த பெண்ணுக்கு இன்று அபிஷேகம் செய்கிறோம், சரி. நம் தெருவிலேயே ஒரு பெண் பக்கத்துத் தெரு ஜாதியானைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் என்ன செய்கிறோம்? அரிவாள் எடுக்கிறவர்களும், விஷம் கொடுக்கிறவர்களும், சொந்த மகளுக்கே உயிரோடு கருமாதி செய்கிறவர்களும் நம் நாட்டில் இல்லையா? ஜெயித்து வந்தால் நம் ரத்தம், ஜெயிக்காவிட்டால் ஓடிப்போனவள் என்பதுதானே நம்முடைய நியாயம்?

அப்படியானால் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி வெளிநாட்டார் அபிப்பிராயமே சொல்லக் கூடாதா என்று சில தோழர்கள் கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும் என்பது நமது கட்சி. ஆனால் அந்த அபிப்பிராயத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2004ல் இங்கிலாந்து கார்டியன் பத்திரிகையார் ஒரு யோசனை செய்தார்கள். ஒஹையோ மாகாணத்தில் கிளார்க் என்னும் ஜில்லாவில் எந்தப் பக்கமும் சேராத ஓட்டர்களுக்குப் பத்திரிகை வாசிப்பவர்களெல்லாம் ஆளுக்கொரு கடிதம் எழுதி, புஷ் வேண்டாமென்று எடுத்துச் சொல்ல வேண்டியது என்பதே அந்த யோசனை. எழுதினார்கள். அவ்வளவுதான், உங்கள் சோலியைப் பாருங்கள் என்றும், உங்கள் பல்லை முதலில் விளக்குங்கள் என்றும் வசைமாரியாக அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. முடிவில் 2000ல் கோருக்கு அதிக ஓட்டுக் கொடுத்த அதே ஜில்லா, 2004ல் புஷ்ஷுக்கு அதிக ஓட்டுக் கொடுத்தது. 2016ல் 45 தேசங்களில் ஜனங்களை விசாரித்தார்கள். ருஷ்யா ஒன்று நீங்கலாக மற்றெல்லா இடத்திலும் ஹிலாரி கிளிண்டன் அம்மையாருக்கே ஆதரவு அதிகம். வந்தவரோ ட்ரம்ப்.

உலகத்தார் அபிப்பிராயம் கிடக்கட்டும், அமெரிக்கர் அபிப்பிராயமே அங்கே செல்லுபடியாவதில்லையே! அதே 2016ல் அந்த அம்மையாருக்கு ட்ரம்பைவிட 28 லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம் விழுந்தும் தோற்றார். 2000ல் கோருக்கும் இதே கதி. காரணம், ஜனங்கள் போடுகிற ஓட்டு நேராக பிரசிடெண்டுக்குப் போவதில்லை. மாகாணந்தோறும் இத்தனை பேர் என்று வைத்த 538 பிரதிநிதிகளுக்குப் போகிறது. அதில் 270 பேர் எவருக்குண்டோ அவர் பிரசிடெண்டு. 1787ல் பிலடெல்பியாவில் சட்டம் செய்தபோது, அடிமைகளை வைத்திருந்த தென் மாகாணத்தார் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாகக் கணக்கிட்டுத் தங்கள் பிரதிநிதிகளின் தொகையை உயர்த்திக்கொண்டார்கள். அடிமைக்கு ஓட்டு இல்லை. அடிமையின் தலையை எண்ணி எஜமானுக்கு ஓட்டு! கோவிலுக்குள் வரக்கூடாதவனிடம் கோவிலுக்கு வரி வாங்கிய நாட்டாராகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்குவதில் கஷ்டமிருக்காது. அடிமைத்தனம் 1865ல் ஒழிந்தது. பிரதிநிதிகள் முறை ஒழியவில்லை.

ஓட்டு நமக்கு இல்லை, வார்த்தைக்கும் மதிப்பில்லை என்றால் எதற்காக அபிப்பிராயம் என்றால், அடி நமக்கு விழுகிறது என்பதற்காகத்தான். ட்ரம்ப் நமது நாட்டுக்குப் பெரிய சிநேகிதர், ஹிந்துக்களுக்கு ஆப்தர் என்று சொல்லி ஹோமம் வளர்த்தார்களே, என்ன வந்தது? 2025 பிப்ரவரி 5ந் தேதி நம் தேசத்தார் 104 பேரைக் கைக்கும் காலுக்கும் விலங்கிட்டுப் பட்டாள விமானத்தில் ஏற்றி அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு 27 முதல் நம் நாட்டுச் சாமான்கள் பலவற்றுக்கு 100க்கு 50 வீதம் வரி விழுந்தது. திருப்பூரில் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற பனியனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அங்கே வரி ஏறினால் இங்கே ஆர்டர் நிற்கும். ஆர்டர் நின்றால் கூலி நிற்கும். பின்னால் அந்த வரி ஏறியதும் இறங்கியதும் வேறு சங்கதி.

ஹாரிஸ் அம்மையார் வந்திருந்தால் மன்னார்குடிக்கு மாரி பொழிந்திருக்குமென்றும் யாரும் ஏமாற வேண்டாம். அவர் உப பிரசிடெண்டாக இருந்த சர்க்கார்தான் காஜாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே நிற்கிற அபேட்சகன் யாராயிருந்தாலும் அவனைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி, அவன் பாட்டன் எந்த ஊர் என்பதா, அல்லது அவன் யுத்தத்தையும் கூலியையும் மருந்தையும் பற்றி என்ன செய்யப் போகிறான் என்பதா?

இதைத்தான் நாம் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு கூட்டத்தில் பேசினோம். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவன். வேலை இல்லையென்று ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆயிற்றாம்.

"ஏந் தம்பி, அந்த வரியைப் போட்டது யாரு?"

"ட்ரம்ப்புங்க, அய்யா."

"டில்லியில ஹோமம் பண்ணுனாங்கன்னீங்களே, அது யாரு செயிக்கணும்னு?"

"அவருதானுங்க."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த நெய்ய எங்க வீட்டுக்கு அனுப்பியிருந்தாக்கூட நாலு நாளைக்கி ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.