வாயிலருகே நிற்க வேண்டியவர்கள்

கடைசி மணி அடிப்பதற்கு இன்னும் இரண்டு பாடவேளைகள் இருக்கும்போதே, "சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வா, பாத்துக்கலாம்" என்று தன்னினும் பருத்த மாணவன் ஒருவன் சொல்லிவிட்டுப் போன சொல்லை நெஞ்சில் சுமந்துகொண்டு, கரும்பலகையில் எழுதப்படுவது எதுவும் கண்ணில் பதியாமல், சைக்கிள் ஸ்டாண்டு வழியாகப் போவதா, பின்சுவரோரமாகப் போவதா, அல்லது நூலகத்தில் ஏதோ வேலையிருப்பவனைப்போல் அரைமணி நேரம் தங்கிவிட்டுப் போவதா என்று ஓயாமல் கணக்கிட்டபடி அமர்ந்திருக்கும் சிறுவன் நம் ஊர்ப் பள்ளிகள் எதற்கும் புதியவன் அல்லன். அவனை உடன்படிப்பவர்கள் தொடைநடுங்கி என்கிறார்கள். வீட்டில் தந்தை, "அவன் ஒன்று கொடுத்தால் நீ இரண்டு கொடுத்துவிட்டு வா" என்கிறார். தாய், "அவன் வழிக்கே போகாதே, நீ உண்டு உன் படிப்பு உண்டு என்று இரு" என்கிறாள். ஒன்றுக்கொன்று விரோதமாகத் தோன்றினும், இவ்விரண்டு உபதேசங்களும் பதின்மூன்று பிராயத்துப் பிள்ளை தானே தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் இது என்ற ஒரே அபிப்பிராயத்தில் பிறந்தவை. அந்த அபிப்பிராயம் பிழையானது, அபாயகரமானதும்கூட என்பதே என் கட்சி.

சண்டையைத் தவிர்க்க முயலும் பிள்ளை கோழையல்லன். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், செய்யப்போகும் காரியத்தின் வலிமை, தன் வலிமை, எதிராளியின் வலிமை ஆகிய மூன்றோடு துணை நிற்போரின் வலிமையையும் சேர்த்துச் சீர்தூக்கிப் பார்த்தபின் செயலில் இறங்க வேண்டும் என்று அரசர்க்கு விதித்தாரே, அந்தக் கணக்கைத்தான் அவனும் போட்டுப் பார்க்கிறான்; முதல் மூன்றையும் பிழையின்றி எடை போட்டுவிட்டு, நான்காவதற்கு வரும்போது தன் பக்கத்தில் யாருமில்லை என்று கண்டு ஒதுங்கிப் போகிறான். அவன் செய்தது விவேகம். அவன் பக்கத்தில் யாருமில்லாமற் போனது எவருடைய குற்றம் என்பதே நாம் விசாரிக்க வேண்டியது.

ஒதுங்கிப் போவதற்கு அவன் கொடுக்கும் விலை பெற்றோர் கண்ணில் படுவதில்லை. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போனால் அகப்பட்டுக்கொள்வோம் என்று மாலைவரை அடக்கிக்கொண்டிருப்பான். மரத்தடியில் நண்பர்களோடு டிபன் பாக்ஸைத் திறக்காமல் வகுப்பிலேயே அவசரமாக விழுங்கிவிட்டு மூடுவான். பிரியமாக ஆடிய கபடியை விட்டுவிடுவான். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்பான். அந்த வலி பெரும்பாலும் பொய்யன்று. அதைச் சோம்பல் என்று அதட்டி அனுப்பும் வீடுகள் அநேகம்.

ஆசிரியரிடம் சொல்லலாமே என்பவர்களுக்கு, சொன்னால் என்ன நடக்கிறது என்பது ஞாபகமிருக்கவேண்டும். இருவரையும் ஆசிரியர் அறைக்கு அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் "யார் முதலில் ஆரம்பித்தது?" என்று விசாரித்து, இருவரையும் சமமாக முட்டிபோட வைத்து, பிறகு கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுவது நம் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கும் நியாயம். நார்வே நாட்டின் பெர்கன் நகரில் பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் துன்புறுத்தலை ஆயுட்காலமெல்லாம் ஆராய்ந்த உளவியல் பேராசிரியர் டான் ஓல்வேயஸ், வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, தன்னைக் காத்துக்கொள்ள வலுவில்லாதவன்மீது செய்வது ஆகிய மூன்றையும் இக்கொடுமையின் லட்சணங்களாக வகுத்தார். சமபலமுள்ள இருவரின் பூசலுக்குச் சமாதானம் பொருந்தும். பலம் சமமில்லாத இடத்தில் இருவரையும் ஒரே வரிசையில் முட்டிபோட வைப்பது, வலியவனுக்கு அனுமதிச்சீட்டு வழங்குவதாக முடிகிறது. அதற்கப்புறம் "சார்கிட்ட போட்டுக்குடுக்குறியா?" என்ற கேள்வியோடு அன்று மாலையே வாயிலுக்கு வெளியே வேறொரு கணக்கும் தீர்க்கப்படுகிறது.

இதன் கோரமான எல்லையை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கண்டோம். சக மாணவர்களின் சாதித் துன்புறுத்தலைத் தாங்கமாட்டாமல் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், அதன் காரணத்தைப் பள்ளியில் தெரிவித்த பின்னர், இரவில் வீடு புகுந்தவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அப்பிள்ளை ஒதுங்கியும் பார்த்தான், முறையிட்டும் பார்த்தான். இரண்டும் அவனைக் காக்கவில்லை.

திருப்பி அடித்தால் அடங்கிவிடுவான் என்ற வாதத்தில் சிறிதளவு உண்மை உண்டு. அப்படி அடங்கியவர்களை நம்மில் பலர் அறிவோம். ஆனால் 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளியொன்றில், பென்சில் விஷயமாக எழுந்த மனஸ்தாபம் வளர்ந்து, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப் பையில் அரிவாளைக் கொண்டுவந்து சக மாணவனையும், தடுக்க முயன்ற ஆசிரியையையும் வெட்டினானே, அப்படிப்பட்ட காலத்தில் வாழ்ந்துகொண்டு "இரண்டு கொடுத்துவிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பும் தந்தை, எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை உணரவில்லை.

பின் எது காக்கும்? கனடாவில் டொரான்டோ நகரப் பள்ளி மைதானங்களில் காமிராவும், பிள்ளைகளின் உடையில் ஒலிவாங்கியும் வைத்து நடந்ததை நடந்தபடியே பதிவுசெய்த ஆய்வொன்றின் முடிவு 2001-இல் வெளியாயிற்று. பெரும்பாலான சம்பவங்களில் சக மாணவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலையிட்டவர்கள் சிலரே, ஆயினும் யாரேனும் ஒருவன் தலையிட்ட தருணங்களில் பாதிக்குமேற்பட்டவற்றில், பத்து வினாடிக்குள் துன்புறுத்தல் நின்றுபோயிற்று. இதைப் படித்தபோது என் மனம் நெடுநேரம் ஆறவில்லை. "விட்றா, போதும்" என்று ஒருவன் சொல்லியிருந்தால் முடிந்திருக்கக்கூடிய எத்தனை மாலைகள்! சுற்றி நிற்கும் கூட்டமே வலியவனுக்கு அரங்கம்; அந்தக் கூட்டம் கலைந்தாலும், முகம் சுளித்தாலும், அவன் நாடகத்துக்குப் பார்வையாளர் இல்லை.

நார்வேயில் துன்புறுத்தலுக்கு ஆளான மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட சோகத்துக்குப் பிறகு, 1983-இல் அரசாங்கமே நாடு தழுவிய இயக்கம் தொடங்கிற்று. அதையொட்டி ஓல்வேயஸ் பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் செய்த காரியம் மிக எளியது: இடைவேளையில் பெரியவர்கள் கண்காணிப்பது, வகுப்புக்குரிய விதிகளை மாணவர்களோடு பேசி வகுப்பது, இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துப் பேசுவது. இரண்டு ஆண்டுகளில் துன்புறுத்தல் பாதியளவுக்குக் குறைந்ததாக மாணவர்களே தெரிவித்தார்கள். துன்புறுத்தும் பிள்ளையும் பிள்ளைதான். வீட்டில் அடிபட்டு அதை இங்கே இறக்கிவைப்பவனாகவும் இருப்பான். அவனுக்கும் நம் சிரத்தை வேண்டும். ஆனால் அவனைத் திருத்தும்வரை மற்றவன் அடிவாங்கிக்கொண்டிருக்க முடியாது.

நாங்குநேரிச் சம்பவத்தையடுத்து நியமிக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், ஐந்நூறு மாணவர்களுக்கு மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற தனிப் பதவியை உண்டாக்கச் சொல்லியிருக்கிறது. முறையிடும் பிள்ளை யாரென்று வெளியில் தெரியாமல் விசாரிக்கவும், முறையிட்ட அன்று அவன் பத்திரமாக வீடு சேர்ந்தானா என்று பார்க்கவும் பொறுப்புள்ள ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பரிந்துரையை அரசு தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும். பெற்றோருக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற பள்ளிக்கல்வித் துறை எண்ணும் இருக்கின்றன. கடைசி மணிக்குப் பின் கால்மணி நேரம் வாயிலிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும், இடைவேளையில் கழிப்பறைப் பக்கத்திலும் ஆசிரியர் ஒருவர் நிற்பதற்கோ அரசாணை எதுவும் தேவையில்லை. தலைமையாசிரியர்கள் அதை நாளை மாலையிலிருந்தே தொடங்கலாம்.