கோருக்கும் ஒரு 'டி' பட்டன் வேணும்

மூலக்கொத்தளத்துல எங்க வீட்டு மீட்டர் பக்கத்துல ஒரு ஆர்.சி.சி.பி. இருக்கு. கரண்ட் கசிஞ்சா சப்ளையை உடனே வெட்டுற பெட்டி. அது இன்னும் வேலை செய்யுதான்னு பார்க்க 'டி'ன்னு ஒரு குட்டி பட்டன் உண்டு. அமுக்கினா வீடு முழுக்க கரண்ட் போயிடும். அதனால நான் கை வெச்சாலே அம்மா, "கிரைண்டர்ல மாவு ஓடுதுடா, அப்புறம் பார்த்துக்கலாம்"பாங்க. அந்த அப்புறம் இதுவரைக்கும் வந்ததில்ல.

ப்ராசஸர் விஷயத்துலயும் நாம இப்படித்தான் இருக்கோம். "ஃபேக்டரியிலேயே டெஸ்ட் பண்ணித்தானே அனுப்புறாங்க"ன்னு கேட்பீங்க. உண்மைதான். ஆனா அந்த டெஸ்ட்ல தப்பிச்ச பழுதும் இருக்கு, வருஷக்கணக்கா சூட்டுல ஓடி டிரான்சிஸ்டர் தேய்ஞ்சு பின்னாடி வர்ற பழுதும் இருக்கு.

2021-ல ஃபேஸ்புக் இன்ஜினியர்கள் ஒரு கேஸை வெளியே சொன்னாங்க. 1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணா எடுத்தா 156 வரணும். ஒரு சர்வர்ல ஒரே ஒரு கோர் மட்டும் 0 கொடுத்துச்சு. ஹேங் ஆகல, எரர் மெசேஜும் வரல. ஃபைல் சைஸே 0 போலன்னு நம்பி, சாஃப்ட்வேர் அந்த ஃபைலை எழுதாமலே விட்டுடுச்சு. அதே வருஷம் கூகுளும் சொன்னாங்க: சில ஆயிரம் மெஷினுக்குச் சில கோர்கள் இப்படிச் சத்தமில்லாம தப்பு பண்ணுதாம்.

அப்போ எல்லா கோரையும் அடிக்கடி டெஸ்ட் பண்ண வேண்டியதுதானே? அங்கதான் பவர் இடிக்குது. 2005 வாக்கில இருந்து டிரான்சிஸ்டர் சின்னதாகுற வேகத்துக்கு அதோட பவர் குறையல. அதனால நிறைய கோர் இருக்குற சிப்ல எல்லாத்தையும் ஒரே நேரத்துல முழு வேகத்துல ஓட்ட முடியாது. டெஸ்ட் பேட்டர்ன் சாதாரண ப்ரோகிராமை விட அதிகமா பவர் இழுக்கலாம். டெஸ்ட்ல இருக்குற கோர் வேற வேலையும் செய்யாது.

ஆனா இதையே திருப்பிப் பாருங்க. பவர் பத்தாம எப்பவும் சில கோர் சும்மாதான் கிடக்கு. வேலைகளுக்குக் கொடுத்தது போக மிச்சமிருக்குற பவர்ல அதுங்களை டெஸ்ட் பண்ணலாம். அதிகமா உழைச்ச கோருக்கு முதல் இடம், வோல்டேஜையும் மாத்தி மாத்தி. பின்லாந்துல துர்க்கு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-ல சிமுலேஷன்ல இதைச் செஞ்சு காட்டுனாங்க. வேகத்துல இழப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு.

"ஒரே கணக்கை ரெண்டு கோர்ல போட்டு ஒப்பிட்டா போதுமே"ன்னு என் ப்ராஜெக்ட் மேட் கேட்டான். கார் பிரேக்குக்கு அது சரி. எல்லா வேலைக்கும் அப்படிப் பண்ணா பவர் ரெண்டு மடங்காகும். அந்தப் பவர்தான் நம்மகிட்ட இல்லையே.

அதனால நான் சொல்றது ஒண்ணுதான். டெஸ்ட்டுக்கு நேரம் ஒதுக்குறது ஷெட்யூலரோட வேலை. அதை டிசைன் பண்ணும்போதே சேர்க்கணும். நம்ம வி.எல்.எஸ்.ஐ. பேப்பர்ல டெஸ்டிங் கடைசி யூனிட், பாதிப் பேர் சாய்ஸ்ல விடுறோம். ஐ.ஐ.டி. மெட்ராஸோட சக்தி ப்ராசஸர் 2018-லேயே லினக்ஸ் பூட் பண்ணுச்சு, டிசைனும் ஓப்பன் சோர்ஸ். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு அட்டெண்டன்ஸ் ஆப் செய்யறதுக்குப் பதிலா, அதை எடுத்து டெஸ்ட் ஷெட்யூலர் ஒண்ணு எழுதிப் பார்க்கலாமே, ஜூனியர்ஸ்?

அம்மாகிட்டயும் பேசிட்டேன். மாசத்தோட முதல் ஞாயிறு, மாவு அரைச்சு முடிச்ச உடனே 'டி' பட்டன்.