அச்சு எதுவானாலும் பாதை வேண்டும்



பழைய லேண்ட் ரோவரா, புதிய டபிள் கெப்பா? ஹட்டன் கராஜ்களில் இந்த வாதம் ஓய்வதில்லை.

1948இல் வந்த லேண்ட் ரோவரில் முன்சில்லுகள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைத்தது. ஒரு சில்லு கல்லில் ஏறினால் மற்றது நிலத்தில் அழுந்தும். உறுதியானது, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் ஒரு பக்கத்துக் குலுக்கல் மறுபக்கத்துக்கும் போகும். இன்றைய டபிள் கெப்களில் பெரும்பாலும் முன்சில்லுகள் தனித்தனியே ஏறி இறங்கும். குலுக்கல் குறைவு, ஆனால் தேயும் மூட்டுகள் அதிகம்.

துரைமாருக்கு இப்படித் தெரிவு உண்டு. பிரசவ வலியில் துடிக்கும் நம் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றும்போது நமக்கு என்ன தெரிவு? லொறியின் முன் அச்சும் ஒற்றை அச்சுத்தான். அதன் தடித்த ஸ்பிரிங் பட்டைகள் பாரத்துக்கென்றே செய்தவை. பாரமில்லாமல் ஓடினால் இன்னும் மோசமாகத் தூக்கிப்போடும். கொழுந்துக்குச் செய்த வண்டி, நோயாளிக்குச் செய்ததல்ல.

எந்த அச்சும் உடைந்த பாதையைச் சீராக்காது. ஆகவே இரண்டு கோரிக்கைகள்: நோயாளிகளுக்குத் தனி வாகனம், லயம் வரை செப்பனிட்ட பாதை. உங்கள் டிவிசனில் பாதை எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று எழுதி, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் அந்தப் பட்டியலோடு துரையிடம் பேசுவோம்.