முற்றத்தில் நின்ற வாப்பாவின் ஜீப்



சமையல், பிள்ளை வளர்ப்பு, வீட்டுச் செலவு என்று மாதாமாதம் இந்தப் பக்கத்தில் கதைத்து வருகிறோம். இம்முறை கறள் பிடித்த ஒரு பழைய வாகனத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். "இது ஆண்களின் விடயமல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வாகனம் நிற்பது உங்கள் வளவில். அதற்குப் போவது உங்கள் வீட்டுப் பணம். அதற்கடியில் புகுந்து விளையாடுவது உங்கள் பிள்ளை. ஆகவே இது உங்கள் விடயமும்தான்.

எங்கள் வாப்பா மாவனல்லைப் பக்கத்து மலைக் கிராமங்களில் மிளகும் கராம்பும் பாக்கும் வாங்கி விற்றவர். அந்தப் பாதைகளில் ஏறி இறங்க அவர் வைத்திருந்தது ஒரு லாண்ட் றோவர். ஊரில் எல்லோரும் அதை 'ஜீப்' என்றே சொல்வார்கள். வாப்பா மௌத்தான பிறகு பதினொரு வருடங்கள் அது பின்வளவுக் கொட்டிலில் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. "பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லாத உறவினர் இல்லை. உம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை.

2020 மார்ச் மாதம் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. அப்போதுதான் என் தம்பிக்கு, "வாப்பாவின் ஜீப்பை நானே திருத்துவேன்" என்ற எண்ணம் பிறந்தது. முதல் வேலையாக அவன் கேட்டது மதினியின் காப்பு இரண்டையும். அடகு வைக்கத்தான்.

மதினி கோபிக்கவுமில்லை, காப்பைக் கழற்றிக் கொடுக்கவுமில்லை. "முதலில் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்போம். பிறகு காப்பைப் பற்றிக் கதைப்போம்" என்றார். நான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்குக் காரணமே அந்த ஒரு வசனம்தான்.

முதலில் எலும்பைப் பாருங்கள்

இந்த வாகனத்தின் கதை சுவையானது. இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், தனது பண்ணையில் யுத்தத்தில் மிஞ்சிய ஓர் அமெரிக்க ஜீப்பைப் பாவித்து வந்தார். 1947ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த அங்கிள்சீ தீவின் கடற்கரை மணலில் அவர் கீறிக் காட்டிய படமே லாண்ட் றோவரின் தொடக்கம் என்று சொல்வார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். எங்கள் வாப்பாவுடையது 1961க்கும் 1971க்கும் இடையில் செய்யப்பட்ட 'சீரீஸ் 2ஏ' வகை.

அலுமினியம் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். வெளியே பளபளப்பாகத் தெரியும் உடம்புக்குக் கறள் இல்லை. ஆனால் அதைத் தாங்கும் சட்டகம் உருக்கு. பெட்டிபோல உள்ளே வெற்றிடமாக இருப்பதால் சேறும் ஈரமும் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், சாரதி கால் வைக்கும் தட்டு, இவைதான் முதலில் போகும். அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் அலுமினியமும் வெள்ளைத் தூளாக உதிரும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சிறிய சுத்தியலால் சட்டகத்தை நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல உருக்கு மணிபோல ஒலிக்கும். உக்கிய இடம் 'தொப்' என்று சொல்லும். மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கும் நமக்கு இந்த வித்தை புதிதல்ல. மதினிதான் தட்டினார், தம்பி சோக்கட்டியால் அடையாளம் போட்டான். ஒன்பது இடங்களில் 'தொப்' கேட்டது. சட்டகம் முழுவதும் உக்கியிருந்தால் அதைக் கைவிடுவது என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். ஒன்பது இடம் என்றால் வெட்டி ஒட்டலாம் என்று வெல்டிங் பாஸ் சொன்ன பிறகே வேலை தொடங்கியது.

இன்னொன்று. ஒரு ஆணியைக் கழற்றுமுன் பதிவுப் புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் வாகனத்தில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிய வேண்டும். இலக்கம் பொருந்தாத வாகனத்தில் பணத்தைக் கொட்டினால், அது கடைசிவரை வளவை விட்டு வெளியே போகாது.

பால்மா டின்னும் கொப்பியும்

வீட்டில் கழற்றிய வாகனங்களில் எத்தனையோ பூட்டப்படாமலே போகின்றன. அதற்குப் பெரிய காரணம், கழற்றிய சாமான் எங்கே என்று தெரியாமற் போவது. மதினி வெறும் பால்மா டின்களைச் சேர்த்து வைத்தார். கதவு ஆணிகள் ஒரு டின், பிறேக் சாமான் ஒரு டின் என்று பெயர் எழுதி ஒட்டினார். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். இறுகிய ஆணிகளுக்கு முதல் நாளிரவே கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தார்கள். இந்த வாகனத்தின் ஆணிகள் அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பெனரைப் போட்டு முறுக்கினால் தலை உருண்டுவிடும்.

கொப்பி ஒன்றும் போட்டார். என்ன வாங்கியது, எவ்வளவு, எந்தக் கடை என்று எல்லாம் அதில் இருந்தது. பஞ்சிகாவத்தையில் தம்பி ஒரே பிறேக் சிலிண்டரை இரண்டு தடவை வாங்கியதை அந்தக் கொப்பிதான் காட்டிக் கொடுத்தது. மாதாமாதம் ஒரு தொகை தனி உண்டியலில் போடப்பட்டது. அந்த மாதம் உண்டியலில் இருப்பதற்கு மேல் வேலை இல்லை. பிள்ளைகளின் வகுப்புக் காசிலோ காப்பிலோ கை வைப்பதில்லை. இதனால் ஒரு வருடத்தில் முடியும் என்றது மூன்றரை வருடம் எடுத்தது. எடுத்தால் என்ன? கடன் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை

சகோதரிகளே, இதை எழுதும்போது இப்போதும் என் கை நடுங்குகிறது.

கொட்டிலின் தரை சற்றுச் சரிவு. தம்பி பின்சில்லு ஒன்றை ஜாக்கால் தூக்கிக் கழற்றிவிட்டு, கைப் பிறேக்கைப் போட்டிருக்கிறான். அவனுடைய பத்து வயது மகன் அடியில் புகுந்து, விழுந்த ஒரு நட்டைத் தேடிக்கொண்டிருந்தான். உம்மா குசினியிலிருந்து, "தேத்தண்ணி ஆறுது மகன், வா" என்று கூப்பிட்டார். பிள்ளை வெளியே வந்து நான்கு அடி வைத்திருப்பான். ஜீப் முன்னால் உருண்டு, ஜாக் சரிந்து, அந்த இடத்திலேயே விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

"கைப் பிறேக் போட்டுத்தானே இருந்தேன்" என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான், போட்டிருந்தான். ஆனால் இந்தப் பழைய லாண்ட் றோவரின் கைப் பிறேக், சாதாரண காரில் போலப் பின்சில்லுகளைப் பிடிப்பதில்லை. எஞ்சினின் பலத்தைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டைத்தான் பிடிக்கிறது. நான்கு சில்லும் தரையில் இருக்கும்வரை அது போதும். ஒரு பின்சில்லை அந்தரத்தில் தூக்கிவிட்டால், அந்தப் பக்கத்து அச்சு ஒருபுறம் சுழல, தரையிலுள்ள சில்லு மறுபுறம் சுழலும். தண்டு அசையாமலே வாகனம் உருண்டு போகும். வாப்பாவுக்கு இது தெரிந்திருக்கும். தம்பி கேட்டு வைக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கொட்டிலில் மதினி போட்ட சட்டம் இது: தரையிலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இரும்பு ஸ்டான்ட். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரென நொறுங்கும், அவை கூடாது. கழற்றிய சில்லைச் சட்டகத்தின் கீழே படுக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் கையில் டோர்ச் பிடிக்கலாம், அடியில் போகக் கூடாது.

தூசியும் புகையும்

விழுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாதவை வேறு. பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். காற்றடித்தோ உலர்ந்த தூரிகையாலோ தட்டவே கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பொலித்தீனில் கட்டிவிட வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி உரசினால் தூசு நிலத்தில் படியும், தவழும் பிள்ளையின் கைக்கு வரும், வாய்க்கும் போகும். தண்ணீர் விட்டு உரசச் சொல்லுங்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துக் கழுவாதீர்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சிறிய ரக லாண்ட் றோவரில் பெற்றோல் தாங்கி இருப்பது வலப்பக்க ஆசனத்தின் கீழே, அதாவது நமது நாட்டில் சாரதிக்குக் கீழே. "தாங்கி காலிதானே" என்று பக்கத்தில் வெல்டிங் செய்ய விடாதீர்கள். எரிவது பெற்றோலின் ஆவி. நிறைந்த தாங்கியைவிடக் காலித் தாங்கிக்குள் அந்த ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கக் காத்திருக்கும். தாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்து, பற்றறி இணைப்பையும் எடுத்த பிறகே நெருப்பு வேலை. கொட்டிலுக்குப் பக்கத்தில் குசினி இருந்தால் அடுப்பையும் நினைவில் வையுங்கள். கதவு மூடிய கராஜில் எஞ்சினை ஓட விடவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, மயக்கம் மட்டும் வரும். கழிவு ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாமல் கானில் சேர்த்து, சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

இன்னுமொரு குறிப்பு. இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோல் இருந்த காலத்தவை. நமது நாட்டில் 2002இல் அது நிறுத்தப்பட்டது. எஞ்சின் தலையைத் திறக்கும்போது வால்வு ஆசனங்களைக் கடினமான வகைக்கு மாற்றலாமா என்று பாஸிடம் கேட்டு வையுங்கள். பிறேக் குழாய்கள் பழையதாக இருந்தால் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். பெயின்ட் பிந்தினாலும் பரவாயில்லை, பிறேக் முந்த வேண்டும்.

கணக்கு

போன வருடம் ஒரு காலைப்பொழுதில் ஜீப் கொட்டிலை விட்டு வெளியே வந்தது. ஆசன உறைகள் மதினியின் தையல் இயந்திரத்தில் தைத்தவை. உம்மா வழக்கமாக இருக்கும் இடப்பக்க ஆசனத்தில் ஏறி இருந்தார். வாப்பா மிளகு வாங்கப் போன மலைப்பாதையில் மெதுவாக ஏறினோம். பாதி வழியில் உம்மா, "சத்தம் மட்டும் குறையவில்லையே" என்றார். சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செலவான மொத்தத்தை இங்கே எழுதினால் தம்பி என்னோடு கோபிப்பான். இலாபமா என்று கேட்டால், இல்லை. இலாபத்துக்காக இதைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் பழைய வாகனமொன்றின் முன் நின்று யோசித்துக்கொண்டிருந்தால், "பைத்தியமா?" என்று கேட்காதீர்கள். "சரி, எடுங்கள்" என்று காப்பைக் கழற்றியும் கொடுக்காதீர்கள். சுத்தியலையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கொட்டிலுக்குப் போங்கள். சில்லுக்குக் கட்டை வைத்தாயிற்றா என்று ஒவ்வொரு நாளும் கேளுங்கள். அந்தக் கேள்வி தொல்லையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

மதினியின் காப்பு இரண்டும் இன்றும் அவர் கையில்தான் இருக்கின்றன.

அடுத்த இதழில் சந்திப்போம்.