இடித்த பிறகு விசாரணை எதற்கு?

2016 ஜூன் 25. மும்பை தாதரில் பொழுது விடிவதற்குள் புல்டோசர் வேலையை முடித்துவிட்டது. அம்பேத்கர் பவன் கற்குவியலாகக் கிடந்தது. அண்ணலின் புத்த பூஷண் அச்சகமும் அதோடு போயிற்று.

இடித்தவர்கள் வெளியார் அல்லர் என்பதுதான் நம்மை இன்னும் உறுத்துகிறது. அம்பேத்கரே நிறுவிய அறக்கட்டளையின் பெயரில்தான் இது நடந்தது. கட்டடம் பழுதாகிவிட்டது, மாநகராட்சி நோட்டீஸ் தந்திருக்கிறது, அங்கே 17 மாடியில் புதிய பவன் எழும்பும் என்றார்கள். அண்ணலின் குடும்பத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். ஜூலை 19 அன்று ஆயிரக்கணக்கானோர் பேரணியாகத் திரண்டார்கள். அனுமதி உண்டா, யார் உத்தரவு, ஏன் இருட்டில் என்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எழுந்தன. எந்தக் குழு அமர்ந்து விசாரித்தாலும் அந்தச் சுவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

இதே காலத்தில் லண்டனில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1921-22இல் மாணவராக அம்பேத்கர் தங்கியிருந்த, கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு 30 கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் அது நினைவகமாகத் திறக்கப்பட்டது. குடியிருப்பு வீட்டை நினைவகமாக மாற்ற முறையான அனுமதி பெறவில்லை என்று கேம்டன் உள்ளாட்சி மன்றம் மறுத்தது. அண்ணலின் வீட்டுக்கா இந்தக் கெடுபிடி என்று நம்மில் பலர் கொதித்தோம். மேல்முறையீடு, 2019இல் பொது விசாரணை, 2020 மார்ச்சில் பிரிட்டன் அமைச்சரின் அனுமதி என்று வழக்கு முடிந்தது. வீடு நின்றுகொண்டிருந்ததால்தான் உள்ளாட்சி மன்றத்தின் முடிவை மாற்ற முடிந்தது. தாதரில் அந்த வாய்ப்பே இல்லாமல் போனது.

சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் தப்பியதும் இப்படித்தான். 2006இல் இடிக்கத் தொடங்கிய நிலையில் வழக்குப் போட்டார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் அதைக் காக்கச் சொன்னது. கேட்க ஆள் இருந்தது, சுவரும் மிச்சம் இருந்தது.

நம் சேரிகளில் இருப்பவற்றுக்கு யார் வழக்குப் போடுவார்கள்? பாரம்பரியப் பட்டியல் என்றாலே அரண்மனை, தேவாலயம், வெள்ளைக்காரன் பங்களா என்றுதான் அதிகாரிகள் மனதில் வருகிறது. 1893இல் 'பறையன்' இதழ் நடத்திய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்த அயோத்திதாசரும் அச்சுக்கூடத்தை ஆயுதமாக எடுத்தவர்கள். அப்படிப்பட்ட இடங்களின் ஓட்டுக் கூரையையும் மண் சுவரையும் பார்த்து 'பழுதான கட்டடம்' என்று எழுதிவிடுவது எளிது. பழைய இரவுப் பள்ளி, தலைவர் வந்து தங்கிய வீடு, முதன்முதலில் சங்கம் கூடிய திண்ணை ஆகியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவரை, அவற்றை இடிப்பதற்கு முன் எவரும் நம்மைக் கேட்கப்போவதில்லை. புதிய கட்டடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் இடிப்பதா, பழுது பார்ப்பதா என்பதைப் பகல் வெளிச்சத்தில், ஊரார் முன்னிலையில் முடிவு செய்ய வேண்டும். நம் சொந்தச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இதையே சொல்கிறோம்.

கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊரில் அப்படி ஒரு கட்டடம் இருந்தால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெரியவர்களிடம் கேட்டு ஆண்டையும் பெயர்களையும் எழுதுங்கள். இடம் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் அதைத் தீர்மானமாக வைத்து, கையெழுத்திட்ட நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.