பாட்டோடு பேரும் போகட்டும்

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டின் வேர் இலங்கைத் தேயிலை மண்ணில் இருக்கிறது. அதை எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய பாடகர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தோட்டமொன்றில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவர். மாத்தளைக்காரருக்கு இந்தக் கதை புதிதல்ல. தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்தவர்களில், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தப்பியவர்கள் வந்துசேர்ந்த இடம் மாத்தளை. அந்த வருகையின் இருநூறாண்டைக் குறித்த 'மலையகம் 200' நினைவு நடைபயணம் 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு, ஓகஸ்ட் 12இல் இங்கே முடிந்ததும் அதனால்தான்.

அந்தப் பாட்டைப் பிரெஞ்சு இசைக்கலைஞர் டி.ஜே. ஸ்நேக் ரீமிக்ஸ் செய்தார். நல்லதுதான், பாட்டு இன்னும் பத்து நாட்டுக்குப் போனது. ஆனால் நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அறிவைக் காணவில்லை. 2021 ஓகஸ்ட் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அச்சு அட்டையிலும் அவர் இல்லை, இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகே இணைய அட்டையில் இடம் கிடைத்தது. இசையமைப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வேறு வேறாகப் பேசுகிறார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது வாசகர் வேலையல்ல. ஆனால் வரிகள் அறிவுடையவை என்பதில் தகராறே இல்லையே, பிறகு ஏன் அவர் பேர் விடுபட வேண்டும்? பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே சொன்னது தனிக்கூத்து.

மேல்நாட்டு ரொக் உலகத்தில் இதைவிடக் கசப்பான கதை உண்டு. 'வித்தவுட் யூ' பாட்டை பீட் ஹாமும் டொம் எவன்ஸும் எழுதி, தங்கள் 'பேட்ஃபிங்கர்' இசைக்குழுவோடு 1970இல் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு ஹரி நில்சன் பாடினார், அமெரிக்காவில் முதலிடம். 1994இல் மரியா கேரி பாட, மறுபடி பெருவெற்றி. எழுதிய இருவரும் பணத் தகராறுகளில் நொந்து, 1975இலும் 1983இலும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பாட்டைக் கேட்டு உருகியவர்களில் எத்தனை பேருக்கு அவர்களைத் தெரியும்?

மறுபடி பாடுவதில் குற்றமில்லை. லயத்துத் தெம்மாங்கும் ஒப்பாரியும் வாய்க்கு வாய் மாறித்தான் உயிரோடு இருந்தன. கட்டியவர் பேர் மட்டும் கரைந்துபோனது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்திராவிட்டால் பாட்டும் போயிருக்கும். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடிய மீனாட்சியம்மாள் நடேசய்யர் தன் பாட்டுகளை அச்சில் போட்டார், அதனால் இன்றும் பேரோடு நிற்கிறார்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் பேரைச் சொல்லவேண்டும் என்கிறது. பொலிஸ் வந்து பிடிக்கப்போவதில்லை என்பதால் மேடைகளில் யாரும் கவலைப்படுவதில்லை. உள்ளூர் விழாவில் அறிவிப்பாளர் அனுசரணை தந்த கடைகளின் பேரையெல்லாம் மூச்சுவிடாமல் வாசிக்கிறார். பாட்டு தொடங்குமுன் எழுதியவர் பேரைச் சொல்ல ஐந்து விநாடி போதும். யூடியூபில் ஏற்றும் இளைஞர்கள் தங்கள் கீபோர்ட் கலைஞரின் பேருக்கு மேலே எழுதியவர் பேரை ஒரு வரியில் சேர்த்தால் சரி.