கெட்டியாப் பிடிச்சுக்குங்க!

பைக் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். பின்னால் உட்கார ஒன்றும் வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் போதும், வண்டி கிளம்பி விடுகிறது.

அதனால்தானோ என்னவோ, பின்னால் உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை.

சென்னையில் எந்த சிக்னலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஒருவர் இரண்டு கையிலும் செல்போனைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்கிறார். இன்னொருவர் மடியில் அரிசி மூட்டை. ஒரு அம்மாவுக்கு ஒரு கையில் குழந்தை, மறு கையில் காய்கறிப் பை. பச்சை விளக்கு விழுகிறது. ஓட்டுபவர் ஒரு முறுக்கு முறுக்குகிறார். பின்னால் இருப்பவர் கீழே விழாமல் போவது அவர் அதிர்ஷ்டம்!

தெரிவது முதுகுதான்

ஓட்டுபவருக்கு ரோடு தெரிகிறது. பள்ளம் தெரிகிறது. குறுக்கே வரும் மாடு தெரிகிறது. அதற்குத் தகுந்தபடி அவர் கையும் காலும் தயாராகி விடும். பிடித்துக்கொள்ள அவருக்கு ஹேண்டில்பார் இருக்கிறது.

பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவர் முதுகு மட்டும்தான். வேகத்தடை வருவது தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியும். பின்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் அடியும் அவருக்குத்தான் அதிகம்.

40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 36 அடி தாண்டி விடும். "ஐயோ" என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தேட நேரம் கிடையாது. கை முன்னாலேயே கம்பியில் இருக்க வேண்டும்.

எதைப் பிடிப்பது?

வண்டி சட்டென்று கிளம்பினால் உடம்பு பின்னால் போகும். பிரேக் போட்டால் முன்னால் சரியும். இரண்டு பக்கமும் காவல் வேண்டும். ஒரு கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில், மறு கை ஓட்டுபவர் இடுப்பில். இதுதான் சரியான பிடி. கால் இரண்டும் மிதியில் ஊன்றி இருக்க வேண்டும். முழங்காலை இறுக்கிக்கொண்டால் பிரேக் போடும்போது ஓட்டுபவர் முதுகில் போய் மோத மாட்டீர்கள்.

தோளைப் பிடிப்பது பலருக்கும் பழக்கம். அது தப்பு. தோளை இழுத்தால் கை ஆடும். கை ஆடினால் ஹேண்டில்பார் ஆடும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் விழ வேண்டும்.

சேலை கட்டிய பெண்கள் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருவது நம் ஊர் வழக்கம். அப்படி உட்கார்ந்தால் வலது கை ஓட்டுபவர் இடுப்பில், இடது கை பின்கம்பியில் இருக்கட்டும். முந்தானையை, துப்பட்டாவை இழுத்துச் செருகிவிட்டு ஏறுங்கள். சக்கரம் துணியைக் கவ்வினால் ஆளையும் சேர்த்து இழுத்து விடும்.

வாடகை பைக்கில் போகும் பெண்கள், முன்பின் தெரியாத ஆளை எப்படித் தொடுவது என்று எதையும் பிடிக்காமல் உட்காருகிறார்கள். கூச்சம் நியாயம்தான். ஆனால் அதற்காகக் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கையாலும் பின்கம்பியைப் பிடியுங்கள். "அண்ணே, மெதுவாப் போங்க" என்று தாராளமாகச் சொல்லுங்கள். காசு கொடுப்பது நீங்கள்.

கம்பி எங்கே?

இந்தக் கம்பி அழகுக்காக வைத்தது அல்ல. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் மிதி, துணி சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது.

ஆனால் நடப்பது என்ன? புது பைக் வாங்கிய வேகத்தில் சில வாலிபர்கள் மெக்கானிக்கிடம் போய்க் கம்பியையும் சேலைத் தடுப்பையும் கழற்றிப் போட்டு விடுகிறார்கள். கேட்டால், "அது இருந்தா கெத்தா இல்ல சார்" என்கிறார்கள். அதே வண்டியில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் தங்கையைக் காலேஜுக்கும் கூட்டிப் போகிறார்கள். அவர்கள் எதைப் பிடிப்பார்கள்?

குழந்தைக்குக் கை போதாது

மடியில் குழந்தை இருந்தால் அம்மாவின் பிடி பாதியாகி விடுகிறது. தூக்கிப் போடும்போது குழந்தையைப் பிடிப்பாரா, கம்பியைப் பிடிப்பாரா? எந்தத் தாயும் குழந்தையைத்தான் பிடிப்பாள். அப்போது இருவரும் கீழே.

இதற்கும் விதி இருக்கிறது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை போட வேண்டும். 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. நம் தெருக்களில் இந்தப் பட்டையைக் கட்டிய குழந்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

14,337 உயிர்கள்

பிடி நழுவினாலும் உயிரைக் காப்பது ஹெல்மெட். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1-ந்தேதி முதல் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஆனாலும் பின்னால் இருப்பவர் தலை பெரும்பாலும் காலிதான்.

2022-ம் ஆண்டில் நாடு முழுவதும் ஹெல்மெட் போடாமல் விபத்தில் பலியானவர்கள் 50,029 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டியை அவர்கள் ஓட்டவில்லை. வேகமாகப் போனதும் அவர்கள் அல்ல. உயிர் மட்டும் அவர்களுடையது!

செய்ய வேண்டியது

டிராபிக் போலீசார் தலையைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். வண்டியின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கட்டும். கம்பி இல்லாத வண்டியை, தடுப்பு இல்லாத சக்கரத்தைச் சும்மா விடக் கூடாது. கழற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குகளும் யோசிக்க வேண்டும்.

மாநகராட்சிக்கும் வேலை இருக்கிறது. பெயிண்ட் அழிந்து, போர்டும் இல்லாமல், இருட்டில் படுத்துக் கிடக்கும் வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடு போட வேண்டும். ஓட்டுபவர் கண்ணுக்கே தெரியாவிட்டால் பின்னால் இருப்பவர் கதி என்ன?

ஓட்டுபவர்களும் ஒன்று செய்யலாம். பஸ்சில் கண்டக்டர் "ரைட்" சொல்லாமல் வண்டி நகராது. பைக்கிலும் அப்படியே இருக்கட்டும். பின்னால் இருப்பவர் உட்கார்ந்து, மிதியில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து "ரைட்" சொன்ன பிறகு கியரைப் போடுங்கள். வேகத்தடை வந்தால், "பிடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

செல்போன் பைக்குள் இருக்கட்டும். கை கம்பியில் இருக்கட்டும்.